வள்ளி கும்மி

வள்ளி கும்மி: முருகப் பெருமான் வள்ளியை மணந்த கதையைப் பாடிக்கொண்டே, சேலம், நாமக்கல் சமவெளிகளை உள்ளிட்ட கொங்கு நாட்டு மக்கள் ஒரே அடிக்கணக்கில் கூடி ஆடும் கூட்டு நிருத்தம். வள்ளி ஒயில் கும்மி என்றும் வழங்கும். கபிலர்மலை, காளிப்பட்டி முதலிய முருக ஸ்தலங்கள் பிரசித்தி பெற்ற இப்பிரதேசத்தில் இக்கதை குழந்தைகளுக்கும் தெரிந்ததே.

தினைப்புனக் காவலில் தொடங்கி, முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவராகவும் வருதல், விநாயகர் யானையாகத் தோன்றி வள்ளியை அஞ்சுவித்தல், விவாகம் என்று கதை நடக்கும். ஆசிரியர் அடியெடுத்துப் பாட, ஆடுவோர் அதை வாங்கிப் பாடி, கைகொட்டிக் குனிந்து நிமிர்ந்து திரும்புவர். பாட்டு மாறுந்தோறும் அடியும் மாறுமாதலால், வரிசை குலையாமல் அடுத்த அடிக்குத் தாவுவதே இக்கலையின் லட்சணம். மாலை வேளைகளில் ஊர்ப் பொதுவிடத்தில் கற்றபின், அரங்கேற்றம் விசேஷமாக நடத்தப்பெறும்.

பலர் கூடி ஆடும் நடனத்துக்குப் பிரமாணம் வகுப்பது எவ்வாறு என்ற கேள்விக்கு மேனாட்டார் கண்ட விடை வேறு. அவர்களுடைய பால்ரூம் நடனத்துக்கு லண்டன் ஆசிரியர்கள் 1924-இல் இம்பீரியல் நடன ஆசிரியர் சங்கத்தில் தனிக் கிளை அமைத்து, 1929-இல் மாநாடு கூடி நியமங்களை வரையறுத்தனர். ஸ்டாண்டர்டு ஐந்து, லத்தீன் ஐந்து என்னும் இன்றைய போட்டிப் பிரிவுகளும், வால்ட்ஸ் என்றால் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 30 வரை தாள அளவுகள் என்னும் கணக்கும் அவ்வழி வளர்ந்தவையே. அங்கே நடுவர் ஜோடி ஜோடியாக மதிப்பிடுகிறார். இங்கே ஜோடியும் இல்லை, நடுவரும் இல்லை; ஒருவர் தவறினால் வரிசையே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் அடங்காது ஆசிரியரின் செவியிலேயே பிரமாணம் நிற்பதால் ஊருக்கு ஊர் பாடமும் அடியும் வேறுபடுகின்றன; இதைக் குறை என்று கொள்ள வேண்டுவதில்லை.

முன்பு ஆடவரே ஆடிவந்த இதனைப் பெண்களுக்கும் பயிற்றுவித்தவர்களில் முதன்மையானவர் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன். 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இன்று பல ஊர்களில் ஒரே நிறச் சேலை உடுத்திய பெண்களே பெரும்பான்மையினர். ஒலிபெருக்கியின் தயவால் ஆசிரியர் குரல் மைதானம் முழுதும் எட்டுவதால் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே ஆடுதல் சாத்தியமாயிற்று. எனினும் அடிகளின் நுட்பத்தைக் காண விரும்புவோர் பெருந்திரளைவிடச் சிறு குழுவின் ஆட்டத்தைப் பார்ப்பதே நலம்.