கருப்பட்டி ரயில்

"உங்க ஊருக்குப் பக்கத்துல எந்த ரயில்வே ஸ்டேஷன்?" என்று சாத்தான்குளத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். திருச்செந்தூர் என்பார்கள், நாசரேத் என்பார்கள். சொந்தமாக ஸ்டேஷன் கிடையாது. ஆனால் இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் இன்னொரு ரயில் ஓடியது. சர்க்கார் ரயில் அல்ல, கம்பெனி ரயில்!

குலசேகரன்பட்டினம் என்றால் இன்று நமக்குத் தசராவும் முத்தாரம்மனும்தான் ஞாபகத்துக்கு வரும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. நடத்தியது பாரி கம்பெனியின் கையிலிருந்த நிறுவனம். தேரிக்காட்டில் கரும்பு ஏது? பனைதான் மூலதனம். ஊர் ஊராகக் காய்ச்சிய கருப்பட்டியை வாங்கி, சுத்திகரித்து, வெள்ளைச் சர்க்கரை ஆக்குவதுதான் திட்டம்.

சிக்கல், சரக்கைக் கொண்டுவருவதில். செம்மணலில் மாட்டுவண்டிச் சக்கரம் புதையும். வண்டிக் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். கணக்குப் போட்ட கம்பெனி, முதல் உலகப் போர் காலத்தில் ரயிலே விட்டுவிட்டது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டே அடி அகலம். திருச்செந்தூர், குலசை, உடன்குடி, திசையன்விளை என்று ஓடிய அந்தக் குட்டி ரயிலில் கருப்பட்டியோடு ஜனங்களும் ஏறினார்கள்.

உடன்குடிக்கும் திசையன்விளைக்கும் நடுவே குறுக்கிடுவது கருமேனி ஆறு. சாத்தான்குளம் பக்கமாக வந்து மணப்பாட்டில் கடலில் விழுகிறதே, அதேதான். ஐப்பசி, கார்த்திகையில்தான் அதில் தண்ணீரைப் பார்க்கலாம். பதநீர் இறங்குவதோ கோடையில். ஆற்றில் மணல் காயும்போதுதான் இந்த ஊர்களில் கருப்பட்டி அடுப்பு எரியும். ஆறு கைவிட்ட மாதங்களில் சோறு போட்டது பனை. அந்தப் பனையை நம்பித்தான் ஆலை, ஆலையை நம்பித்தான் ரயில்.

1923-ல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பெரிய ரயில் வந்தது. இனி நல்ல காலம் என்றுதானே யாருக்கும் தோன்றும்? கணக்கு வேறு பக்கம் திரும்பியது. இறக்குமதிச் சர்க்கரைக்கு வரி போட்டு, உள்நாட்டு ஆலைகளுக்கு 1932-ல் சர்க்கார் பாதுகாப்புக் கொடுத்தது. நாடெங்கும் கரும்பாலைகள் முளைத்தன. கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்த கருப்பட்டி அந்தக் கரும்போடு விலையில் எப்படிப் போட்டி போடும்? 1940-ல் குட்டி ரயில் நின்றது. நான் படித்த காமர்ஸில் இதற்கு 'நஷ்டத்தைக் குறைத்தல்' என்று பெயர். கம்பெனிக்குக் குறைந்தது சரி. மூட்டையோடு டிக்கெட் எடுத்துப் பழகிய ஜனங்களின் நஷ்டத்துக்கு எந்த லெட்ஜரிலும் பத்தி இல்லை.

2024 பிப்ரவரியில் அதே குலசையின் ராக்கெட் ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். திருச்செந்தூரிலிருந்து கடற்கரையோரமாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.