முக்கொம்பில் ஆடிப் பதினெட்டு



"ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வருகிறோம் சார், பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?" என்று வெளிநாட்டில் இருக்கும் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். எல்லாரும் அம்மா மண்டபம் என்பார்கள். நான் முக்கொம்பு என்பேன். காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பாடம் எடுத்துப் பழகிய வாய்!

அன்றைக்கு அங்கே கூட்டத்துக்குக் குறைவிருக்காது. சத்திரம் பஸ் நிலையத்திலிருந்தே பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. புதுமணத் தம்பதிகள் பத்திரமாக வைத்திருந்த கல்யாண மாலையை ஆற்றில் விடுவார்கள். பெண்கள் மணலில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, காப்பரிசி வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். அப்புறம் மரத்தடி தேடி எலுமிச்சை சாதம், புளியோதரை, தயிர் சாதம். நம் காலத்தில் சின்னப் பையன்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். இப்போது அது அபூர்வமாகிவிட்டது.

இதெல்லாம் காவிரிக்கரை ஊர் எல்லாவற்றிலும் உண்டு. முக்கொம்பில் மட்டும் பார்க்கக் கிடைப்பது, இந்தப் பண்டிகைக்கான தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்பது.

மேற்கிலிருந்து அகண்ட காவிரியாக வரும் ஆறு இங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி என்ற பெயரைத் தக்கவைத்துக்கொள்கிறது. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் நேரானது, சரிவு அதிகம். காவிரியோ மணல் சேர்ந்து மேடாகிக்கொண்டே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு ஓட, தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பித்தன. 1836இல் ஆர்தர் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். மணல் ஆற்றில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டிய நம் முன்னோரிடமிருந்து கற்றதாக அவரே பின்னாளில் எழுதினார். இதைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். மேலணை வந்தபின் காவிரிக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்ந்து, சில வருஷங்களில் அந்தப் பக்கமும் ஒரு தடுப்புக் கட்ட வேண்டி வந்தது. ஆற்றைத் திருத்துவது அவ்வளவு லேசான காரியம் இல்லை.

ஆனாலும் அப்போதும் வெள்ளம் தானாகத்தான் வந்தது. குடகில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், ஆடி நடுவில் இங்கே நுங்கும் நுரையுமாகப் பொங்கும், விதைக்கலாம் என்று உழவன் கும்பிடுவான். புதுப்புனலைக் கொண்டாடுவது நமக்கு மிகப் பழைய வழக்கம். வையையில் வந்த வெள்ளத்தைப் பரிபாடல் பாடியிருக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதும் ஒரு ஆடிப் பதினெட்டாம் பெருக்கில்தான்.

1934இல் மேட்டூர் அணை வந்தது. அதன்பிறகு பெருக்கு, மழையோடு கூட அரசாங்க உத்தரவையும் பொறுத்ததாகிவிட்டது. அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறப்பார்கள். இல்லாத வருஷங்களில் பண்டிகைக்கென்றே கொஞ்சம் திறந்துவிட்டதும் உண்டு. அதுவும் இல்லாமல், காய்ந்த மணலில் குழாய்த் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறோம். எகிப்தில் நைல் நதியின் வெள்ளத்தை ஆகஸ்டில் கொண்டாடுவார்கள். 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் அங்கே அந்த வெள்ளம் வருவதே இல்லை, விழா மட்டும் நடக்கிறது. நம் நிலை அவ்வளவு மோசமில்லை. இங்கே ஆறு சில சமயம் தன் பழைய முகத்தைக் காட்டிவிடுகிறது.

2018 நினைவிருக்கும். ஜூலையில் மேட்டூர் 120 அடியும் நிரம்பியது. ஆகஸ்டில் வெள்ளம் இன்னும் கூடியது. முதலில் கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. காட்டன் காலத்து வேலை 180 வருஷம் தாங்கியது. நம் தலைமுறை அதைச் சரியாகப் பராமரித்ததா, ஆற்றில் அள்ளிய மணலுக்கு இதில் பங்கில்லையா என்று அப்போது எழுந்த கேள்விகள் நியாயமானவை என்றே இன்றும் நினைக்கிறேன். புதிய கதவணைக்குச் சுமார் 387 கோடி ரூபாய் செலவானது. மணலுக்கு ஆன கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஆடிப் பெருக்கை ஒட்டி நம்பெருமாள் அம்மா மண்டபம் எழுந்தருளி, காவிரித் தாய்க்குப் புடவை, மாலை, தாம்பூலம் என்று சீர் தருவார். அதையும் தரிசனம் செய்யுங்கள். ஆனால் காலையில் முதலில் முக்கொம்பு. பாலத்தின் மேல் பிள்ளைகளை நிறுத்தி, எந்தப் பக்கம் எத்தனை கதவு திறந்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். தண்ணீர் வயலுக்குப் போகிறதா கடலுக்குப் போகிறதா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒன்று மட்டும். 2024இல் போல மேட்டூரிலிருந்து லட்சம் கன அடிக்கு மேல் வந்துகொண்டிருந்தால் படித்துறையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதவுக்குக் கீழே ஆழம் தெரியாது, சுழல் இருக்கும், நீச்சல் தெரிந்தவனையும் இழுத்துவிடும். ஒவ்வொரு வருஷமும் காவிரியில் நம் பிள்ளைகள் போகிறார்கள். போலீஸ்காரர் தடுத்தால் சண்டை போடாதீர்கள். விடியற்காலை 6 மணிக்குள் போய்விட்டால் வெயிலும் நெரிசலும் ஏறுமுன் திரும்பிவிடலாம்.