ட்வெய்ட்டா மண்ணின் விதையிருப்பு: முளைத்த களை எதற்குச் சான்று?

ஒஸ்லோவின் குரூரூட் பள்ளத்தாக்கில் உள்ள ட்வெய்ட்டா, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பண்ணை நிலமாக இருந்தது. 1960களில் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 1970இல் மெட்ரோ ரயில் வந்தது. இன்று கட்டடங்களுக்கிடையே உள்ள புல்தரையைக் குழாய் பதிக்கத் தோண்டினால், யாரும் விதைக்காத சக்கரவர்த்திக்கீரை அந்த இடத்தில் தலைகாட்டுவது வியப்பன்று. பழைய வயலின் விதைகள் அரை நூற்றாண்டாகப் புதைந்து கிடந்து இப்போது எழுகின்றன என்று உடனே சொல்லத் தோன்றும். அது நடக்கக்கூடியதே. ஆனால் விதை நெடுங்காலம் வாழும் என்பது வேறு, இந்த விதை நெடுங்காலம் வாழ்ந்தது என்பது வேறு. முன்னதை நிறுவிய சான்றுகள் பின்னதை நிறுவா என்பதே என் வாதம்.

முன்னதில் ஐயமில்லை. 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் 20 குப்பிகளில் ஈர மணலோடு களைவிதைகளைக் கலந்து, நீர் தேங்காதபடி வாய் கீழ்நோக்கியிருக்கப் புதைத்தார். 2021இல் எடுத்த குப்பியிலும் வெர்பாஸ்கம் என்னும் களையின் விதைகள் முளைத்தன. அடுத்தது 2040இல் எடுக்கப்படும். 1902இல் வர்ஜீனியாவில் டுவெல் என்பவர் புதைத்த 107 இனங்களில் 36 இனங்கள் 39 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தன. பயிர்களைவிடக் களைகளே அதில் நின்றுபிடித்தன. ஆனால் இவை காவலில் இருந்த விதைகள். ஏர் முனையோ மண்புழுவோ வண்டோ பீலின் குப்பிக்குள் நுழையவில்லை. வயல் மண்ணில் ஆண்டுதோறும் கணிசமான பகுதி முளைத்தோ அழுகியோ தின்னப்பட்டோ தீர்ந்துபோகும்; இறுதியில் எஞ்சுவது சிறுபகுதிதான்.

டென்மார்க்கில் சோரன் ஓடும் 1965இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பாடமாகிறது. தொல்லியல் அகழ்வுகளில் எடுத்த மண்ணிலிருந்து சக்கரவர்த்திக்கீரையும் முளைத்தது. அதன் விதைகளின் வயது 1700 ஆண்டுவரை இருக்கலாம் என்றார் அவர். பின்வந்தோர் எழுப்பிய மறுப்பு எளியது, வலுவானது: காலம் கணிக்கப்பட்டது மண்ணடுக்குக்கு, விதைக்கு அல்ல. மண்புழுவும் வேர்த் துளையும் புதிய விதையைப் பழைய அடுக்குக்குள் இறக்கிவிடும். ட்வெய்ட்டாவில் இந்த இடர் இன்னும் பெரிது. குடியிருப்பு கட்டும்போது மேல்மண் வாரப்பட்டு, குவிக்கப்பட்டு, மீண்டும் பரப்பப்படுவது வழக்கம். வெளியிலிருந்தும் மண் வரும். அதன்பின் ஒவ்வொரு பூப்பாத்தியும் தன் விதைகளைக் கொட்டியிருக்கும்.

புதைந்த விதை சும்மா கிடப்பதுமில்லை. இதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். ஒஸ்லோவின் நீண்ட குளிரில், பனிப்போர்வைக்கடியில் உறைநிலைக்குச் சற்று மேலே ஈரமாகக் கிடக்கும் விதையின் உறக்கம் மெல்லத் தளர்கிறது. வசந்தத்தில் மண் சூடேறும்போது அது முளைக்கத் தயார். வெளிச்சம் கிடைக்காவிட்டால், கோடை வெப்பத்தில் மறுபடி உறக்கத்துக்குள் போகிறது. ஆண்டுதோறும் இந்தச் சுழற்சி நடக்கிறது. மண்ணுக்குள் ஒளி சில மில்லிமீட்டருக்குமேல் இறங்காது. ஆனால் கொழு புரட்டும்போது கணநேரம் படும் வெயிலே பல இனங்களுக்குப் போதும். விதையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி அதை உணர்ந்துகொள்ளும். பகலிரவு வெப்ப வேறுபாடும் நைட்ரேட்டும் மேற்பரப்பு அருகில்தான் என்பதற்கான கூடுதல் குறிப்புகள். தமிழகத்து உழவர் முதல் மழைக்கு முளைத்த களையை மறுபடி உழுது அழித்தபின் விதைப்பது இத்தகைய தூண்டலைப் பயன்படுத்தித்தான்.

ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த உலக விதைப் பெட்டகம் மண்ணுக்கு நேர்மாறான வழியில் செல்கிறது: விதையை உலர்த்தி, மைனஸ் 18 பாகையில் வைத்து, உயிர்வினைகளை ஏறத்தாழ நிறுத்துகிறது. ஈர மண்ணில் கிடக்கும் விதையோ மெதுவாகச் சுவாசிக்கிறது. உலர்ந்த விதையால் தன் சேதத்தைச் சரிசெய்ய இயலாது, ஈரமேறிய விதையால் இயலும் என்று 1970களில் வில்லியர்ஸ் என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்தை நான் ஏற்கிறேன். முளைக்காமலிருப்பதும் விதைக்கு ஒரு வேலையே. அந்த வேலையை உழவர்களுக்காக ஆராய்ந்தவர்கள் உண்டு. ஒஸ்லோவுக்குத் தெற்கே ஓஸ் வேளாண் கல்லூரியில் எமில் கோர்ஸ்மோ களைகளையும் அவற்றின் விதைகளையும் அத்தனை நுணுக்கமாகப் படித்ததற்கு உழவனின் தேவையே காரணம். அந்தக் கண் இப்போது நகரத்து மண்ணுக்கும் வேண்டும்.

அப்படியானால் ட்வெய்ட்டாவில் வயலின் விதையை எப்படி அறிவது? கட்டுமானம் தொடாத துண்டு நிலம் ஒன்றைப் பழைய வரைபடங்களின் துணையோடு கண்டறிய வேண்டும். புல்வேர் அடுக்குக்குக் கீழேயிருந்து குழாய்வடிவ மாதிரிகள் எடுத்து, ஆழவாரியாகப் பிரித்து, அருகில் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண்ணோடு ஒப்பிட வேண்டும். கீழடுக்கில் மட்டும் வயல் களைகளின் விதைகள் திரண்டிருந்தால்தான் பழைய வயலின் விதை என்ற கூற்று நிற்கும்.

இது கல்விக்கூடத்துக் கேள்வி மட்டுமல்ல. நோர்வேயில் 2016 முதல் நடப்பிலுள்ள விதி, மண்ணை இடம்மாற்றுவோர் அதோடு அயல் இனங்கள் பரவாமல் பார்த்துக்கொள்ளக் கோருகிறது. சாலையோரங்களில் படரும் அயல் இனமான லூபினின் கடினத்தோல் விதை பல ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். மேலே செடி இல்லை என்பதைப் பார்த்து மண் தூயது என்று சான்றளிப்பது தவறு. மாதிரி மண்ணைத் தட்டில் மெலிதாகப் பரப்பி, குளிரில் வைத்து, பின் வெளிச்சத்தில் ஈரங்காத்து, அவ்வப்போது கிளறி, குறைந்தது இரண்டு பருவம் நாற்றுகளை எண்ணிய பின்னரே அந்த மண்ணை லாரியில் ஏற்ற வேண்டும்.