எலி பிடித்த பையன்கள்

ஸ்கூடாயில் பொறியியல் படித்த நான்கு வருஷமும் ஜொகூர் பாருவுக்குப் போக நாங்கள் தாம்போயைத் தாண்டித்தான் போவோம். அங்கே பெர்மாய் மனநல மருத்துவமனை இருக்கிறது. எவனாவது கிறுக்குத்தனம் பண்ணினால் "உன்ன தாம்போய்லதான் சேக்கணும்" என்று சிரிப்போம். ஜப்பான்காரன் காலத்தில் அந்த வளாகத்தில் எலிகளை வைத்து என்ன செய்தார்கள் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

இப்போது சிங்கப்பூரில் எனக்குத் தண்ணீர் சுத்திகரிப்புத் தொடர்பான வேலை. வேலை விஷயமாக வடிகட்டிகளின் வரலாற்றைத் தேடியபோது ஷிரோ இஷி என்ற பெயர் வந்தது. ஜப்பானிய ராணுவ மருத்துவர். போர்முனையில் அழுக்குத் தண்ணீரைக் குடிநீராக்கும் வடிகட்டியை உருவாக்கியவர். 'அட, நம்ம ஆளு' என்று நினைத்துத்தான் மேலே படித்தேன். அவர் தலைமை வகித்த அமைப்பின் பெயர் 'குவாண்டுங் படையின் தொற்றுநோய்த் தடுப்பு, நீர் சுத்திகரிப்புத் துறை'. உலகம் அதை 731ஆம் பிரிவு என்று சொல்கிறது. மஞ்சூரியாவில் ஹார்பின் நகருக்கு வெளியே, பிங்ஃபாங்கில் இருந்தது. கைதிகளின் உடலில் பிளேக், ஆந்த்ராக்ஸ் கிருமிகளைச் செலுத்தி, அவர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று குறிப்பெடுத்த இடம். அதன் பெயர்ப்பலகையில் என் தொழிலின் பெயரும் இருந்தது. அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஹார்பின் எனக்குப் புதிய பெயர் இல்லை. ஒரு பினாங்குக்காரர் வழியாக முன்பே கேள்விப்பட்டிருந்தேன். வூ லியென் தே, 1879இல் பினாங்கில் பிறந்தவர்; கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். 1910 டிசம்பரில் சீன அரசு அவரை ஹார்பினுக்கு அனுப்பியது. அங்கே மக்கள் இருமி, ரத்தம் துப்பி, ஓரிரு நாளில் செத்துக்கொண்டிருந்தார்கள். சடலத்தை அறுப்பதைச் சமூகம் ஏற்காத காலத்தில் அவர் ஒரு பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்தார். பிளேக்தான். ஆனால் எலியின் தெள்ளுப்பூச்சி வழியாக இல்லாமல், மூச்சுக்காற்றில் பரவும் நுரையீரல் பிளேக் என்றார். பருத்தியும் துணியும் அடுக்கிய முகக்கவசம் கட்டச் சொன்னார். மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை மதிக்கவில்லை. கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் செத்துப்போனார்.

அப்போது பிளேக்குக்கு மருந்தே கிடையாது. தடுப்பு மட்டும்தான். வூ சரக்கு ரயில் பெட்டிகளைத் தனிமை வார்டுகளாக்கினார், பயணங்களை நிறுத்தினார். உறைந்த மண்ணில் புதைக்க முடியாமல் குவிந்து கிடந்த சடலங்களை அரச அனுமதி வாங்கி எரித்தார். ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்ற நோய் சில மாதங்களில் அடங்கியது. 1911 ஏப்ரலில் முக்டென் நகரில் பல நாட்டு மருத்துவர்கள் கூடினார்கள். அந்த மாநாட்டுக்கு வூதான் தலைவர். ஜப்பானிலிருந்து புகழ்பெற்ற கிட்டாசாட்டோவும் வந்திருந்தார். தெரிந்ததையெல்லாம் அச்சிட்டு உலகத்துக்குக் கொடுத்தார்கள்.

கால் நூற்றாண்டு கழித்து அதே ஹார்பினில் இஷியின் ஆட்கள் கட்டடம் எழுப்பினார்கள். எலி, தெள்ளு, மனிதன் என்ற சங்கிலியை அறுக்கத் தெரிந்தவனுக்கு அதைக் கோக்கவும் தெரியும். 1941 நவம்பர் 4ஆம் தேதி சீனாவின் சாங்தே நகரின் மேல் ஒரு விமானம் தாழப் பறந்து அரிசி, கோதுமை, துணிக்கிழிசல், தெள்ளுகளைக் கொட்டிவிட்டுப் போனது. சில நாட்களில் பிளேக் வந்தது. அங்கே விசாரிக்கப் போனவர் சென் வென்குய் என்ற மருத்துவர். வழக்கமான பிளேக்கில் முதலில் எலிகள் சாகும், பிறகுதான் மனிதர்கள். சாங்தேயில் எலிகள் கொத்துக் கொத்தாகச் சாவதற்கு முன்பே மனிதர்கள் செத்திருந்தார்கள். இது விமானத்திலிருந்து வந்த நோய் என்று அவர் எழுதிவைத்தார். கையில் ஆயுதமில்லாத ஒரு மருத்துவர் கிருமி ஆயுதத்தைக் கண்டுபிடித்தது இப்படித்தான். வழக்கம் எது என்று தெரிந்தவனுக்குத்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. கொஞ்ச நாளிலேயே ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரிக் கட்டடத்துக்கு ஓகா 9420 என்ற பிரிவு வந்தது. இதுவும் பெயருக்குத் தொற்றுநோய்த் தடுப்புத் துறைதான். தாம்போய் மருத்துவமனையும் இவர்கள் கைக்குப் போனது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒத்மான் வோக் என்ற பதின்மவயதுப் பையன் உதவியாளாகச் சேர்ந்தான். பின்னாளில் சிங்கப்பூரின் அமைச்சரான அதே ஒத்மான் வோக்தான். சிப்பாய்கள் ஊரெல்லாம் எலி பிடித்து வந்ததையும், அந்த எலிகளிடமிருந்து தெள்ளு பொறுக்கி வளர்த்ததையும், அவை தாய்லாந்துக்கு அனுப்பப்பட்டதையும் அவர் பிற்பாடு சொன்னார். தெள்ளு பொறுக்கும் வேலையில் சீன, மலாய், இந்தியப் பையன்கள் ஏழு பேர் இருந்தார்கள் என்றும் சொன்னார். பத்திரிகை வழியாக இது பரவலாகத் தெரியவந்தது 1991இல்.

அதே ஆண்டுகளில் வூ லியென் தே ஈப்போவில் சாதாரண கிளினிக் டாக்டராக இருந்தார். ஹார்பினில் பிளேக்கை நிறுத்தியவர் ஒரு ஊரில், ஹார்பின்காரர்களின் கிளை பிளேக்கை வளர்த்தது சில மணி நேரத் தொலைவில். இதைப் படித்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

போர் முடிந்ததும் நியாயம் கிடைத்ததா? ஆய்வுத் தரவுகளுக்குப் பதிலாக இஷிக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் அமெரிக்கா விசாரணையிலிருந்து விலக்கு அளித்தது. சோவியத் ஒன்றியம் 1949இல் கபரோவ்ஸ்க்கில் பன்னிரண்டு பேரை விசாரித்துத் தண்டித்தது. கிருமி ஆயுதங்களைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1972இல் கையெழுத்தாகி 1975இல் நடப்புக்கு வந்தது. ஆனால் நாடுகள் அதைக் கடைப்பிடிக்கின்றனவா என்று நேரில் போய்ச் சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை.

இன்று பிளேக்குக்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின் என்று மருந்துகள் உண்டு. ஆனால் நுரையீரல் பிளேக்கில் அறிகுறி தெரிந்த ஒரு நாளுக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும். தாமதித்தால் பிழைப்பது அரிது. கிடங்கில் மருந்து இருந்தால் மட்டும் போதாது. யாரோ ஒரு மருத்துவர் முதல் நோயாளியைப் பார்த்ததும் 'இது வேற மாதிரி இருக்கே' என்று சந்தேகப்பட வேண்டும், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர்கள் காது கொடுக்க வேண்டும். வூ அப்படிச் சொன்னார், சென் வென்குய் அப்படி எழுதினார். இஷியின் துறைக்கும் வூவின் பணிக்கும் அறிவியலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று எல்லாவற்றையும் வெளியே வைத்தது, மற்றது எல்லாவற்றையும் பூட்டி வைத்தது. 'தடுப்பு ஆராய்ச்சி' என்று எந்த நாடு சொன்னாலும் நான் இப்போது கேட்பது இதைத்தான்: கதவு திறந்திருக்கிறதா?

போன மாதம் அந்தக் கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். ஊட்ரம் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வெள்ளைத் தூண்கள். இன்று அது சிங்கப்பூர் சுகாதார அமைச்சு.

கூலாயில் இருக்கும் பாட்டியிடம் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்டேன். சயாமுக்கு ரயில்பாதை போடப் போய்த் திரும்பாத தன் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார். நம் வீடுகளில் அந்தக் காலம் என்றாலே சயாம்தான். "எலி பிடிச்ச பையங்க யாராச்சும் தெரியுமா பாட்டி?" என்றேன். "எலி பிடிக்கறதெல்லாம் ஒரு கதையாய்யா" என்று சிரித்தார்.

அந்த ஏழு பேரில் இந்தியப் பையன் யார், தமிழ் பேசினானா, பிறகு என்ன ஆனான்? உங்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்களும் சிரிக்கலாம். பரவாயில்லை, கேளுங்கள்.