திருச்சுழி: வந்தோரும் வரவேற்றோரும்

அருப்புக்கோட்டையின் தறியோசை ஓய்ந்த இடத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலை, கரிசலையும் கண்மாய்களையும் கடந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் திருச்சுழியை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் குண்டாற்றின் கரையில், பனையும் சீமைக்கருவேலமும் சூழ்ந்த சிற்றூர் அது. கடல் இல்லை, மலை இல்லை, அரண்மனை இல்லை. ஆயினும் தொலைதூரத்திலிருந்தும் கடல் கடந்தும் மக்கள் இவ்வூருக்கு வருகின்றனர். திருமேனிநாதர் கோயிலைத் தொழுது, ரமண மகரிஷி பிறந்த இல்லத்தில் சற்று அமர்ந்து, அரை நாளில் திரும்பிவிடுகின்றனர். அவ்வாறு வந்து செல்வோர் பெரும்பாலும் காணாது போகும் ஒன்று உண்டு. வந்தவரை வரவேற்று அமுதிட்டவர்களின் வரலாறே அது.

ஊரின் பெயரே சிந்தனைக்குரியது. ஊழிவெள்ளம் பெருகி வந்தபோது சிவபெருமான் சூலத்தால் நிலத்தைக் குத்த, வெள்ளமெல்லாம் சுழித்துப் பிலத்தினுள் புகுந்தது. ஆதலின் சுழியல் எனப் பெயர் பெற்றது என்பது தலபுராணம். மழைக்கு வானம் பார்க்கும் நாட்டில் வெள்ளத்தை வடித்த கதை பிறந்திருப்பது முரண்போலத் தோன்றும். ஆனால் நீரின் அருமையை அறிந்தவர்களே நீரைப் பற்றிய கதைகளைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றுவர். கோயிலின் முன்னுள்ள சூலதீர்த்தத்தில் மாசித் திருநாளையொட்டி நாள்தோறும் நீர்மட்டம் உயர்ந்து, பின் முறையே தாழும் என்று ரமணரின் வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வறண்ட நாட்டில் தீர்த்தமும் ஒரு விருந்தாளியே. வருவதும் போவதுமே அதன் இயல்பு.

சுந்தரர் வந்த வழி

இவ்வூருக்கு வந்த விருந்தினருள் புகழ் மிக்கவர் சுந்தரமூர்த்தி நாயனார். பாண்டிநாட்டின் பாடல்பெற்ற 14 தலங்களுள் திருச்சுழியலும் ஒன்று. அப்பேற்றை அது பெற்றது சுந்தரரின் திருப்பதிகத்தாலேயே. அவர் சேரமான் பெருமாளுடன் மதுரை வந்து, பாண்டியனால் உபசரிக்கப்பெற்று, தென்பாண்டித் தலங்களையும் இராமேசுவரத்தையும் வழிபட்டுத் திரும்பும் வழியில் இங்குத் தங்கினார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். அங்குத் தங்கிய இரவில் இறைவன் கையில் செண்டேந்திய இளையோன் வடிவில் கனவில் தோன்றித் தன் இருப்பிடம் கானப்பேர் என்று உணர்த்தினான். கண்விழித்த சுந்தரர் இன்று காளையார்கோவில் எனப்படும் அத்தலத்தை நோக்கிப் புறப்பட்டார்.

இந்நிகழ்ச்சியில் திருச்சுழியலின் இடம் யாது என்பது எண்ணத்தக்கது. அது பயணத்தின் முடிவு அன்று. வழியில் ஒரு தங்கல். எனினும் அடுத்த வழி காட்டப்பெற்றது இங்குதான். உறங்க ஓர் இடம் கிடைத்ததனாலன்றோ கனவு வந்தது! வந்தவர் பெயரைக் காவியம் பொன்னெழுத்தில் பொறித்தது. அன்றிரவு அமுது படைத்தவர் யார், விளக்கேற்றியவர் யார் என்பது பாடலில் இல்லை.

காவியம் சொல்லாததைக் கல் ஓரளவு சொல்லும். குண்டாற்றின் மறுகரையிலுள்ள பள்ளிமடத்துக் காளநாதர் கோயிலில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. சோழன் தலைகொண்டவன் எனப் பட்டம் பூண்ட 10ஆம் நூற்றாண்டு வீரபாண்டியன் காலத்தில் இக்கோயில் சுந்தரபாண்டிய ஈச்சுரம் எனும் பள்ளிப்படையாக விளங்கியது. அக்காலத் தமிழகத்தில் கோயிலில் அணையா விளக்கெரிக்க ஆடுகளைத் தானமாக விடுவது பெருவழக்கு. குட்டிகளால் மந்தை குறையாது நிற்கும் என்ற நம்பிக்கையால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். நெல் விளையாத மேட்டு நிலத்திலும் ஆடு மேயும். ஆடு தரும் நெய்யில் விளக்கு எரியும். தம்மிடம் உள்ளதைக் கொண்டு வருவோர்க்கு ஒளி தரும் வழியை வறண்ட நாடுகள் அவ்வாறே கண்டன.

இருபாதி வீடு

நூற்றாண்டுகள் பல கடந்தன. 19ஆம் நூற்றாண்டில் திருச்சுழி ஒரு சிறு நீதிமன்றம் அமைந்த ஊராயிற்று. அக்காலத்தில் அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது. 1985இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் பிரிந்தபோது இவ்வூர் அதில் சேர்ந்தது. அந்நீதிமன்றத்தில் பெரும்படிப்பின்றித் தம் உழைப்பால் உயர்ந்த வழக்குரைஞர் சுந்தரமையர். 12 வயதில் கணக்கரிடம் மாதம் 2 ரூபாய் சம்பளத்திற்குச் சேர்ந்து, மனு எழுதுவோராகி, பின் சன்னது பெறாமலே வழக்காடும் அனுமதி பெற்றவர் அவர்.

அவர் வீட்டின் அமைப்பை வரலாற்று நூல்கள் தவறாது குறிக்கின்றன. அது ஒன்றுபோல் அமைந்த இரு பகுதிகளை உடையது. ஒன்று குடும்பத்திற்கு, மற்றொன்று விருந்தினர்க்கு. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வரும் அலுவலர், தமக்கு இடம் அமையும்வரை அங்கே தங்குவர். பசித்து வந்தவர் உண்ணாது திரும்பியதில்லை. வழிப்பறி மிகுந்திருந்த அந்நாளில் கள்வரும் அவர் வண்டியைத் தொடாது விட்டனர் என்பது ஊர் வழக்கு. தாம் கட்டிய வீட்டில் சரிபாதியை அறியாதவர்க்கு ஒதுக்கும் மனம் அருமையானது.

அக்குடும்பத்தில் ஒரு பழங்கதை வழங்கிற்று. முன்னொரு காலத்தில் ஒரு துறவி வாயிலில் வந்து உணவு கேட்க, உரிய மதிப்பின்றித் திருப்பி அனுப்பப்பட்டார். ஆதலின் தலைமுறைக்கு ஒருவர் துறவியாகிப் பிச்சை ஏற்பார் என்று அவர் சபித்தார் என்பது அக்கதை. சுந்தரமையரின் சிற்றப்பனாரும் தமையனாரும் வீட்டைத் துறந்து சென்றவர்களே. இச்சாபம் மெய்யோ பொய்யோ என்பதைவிட, அக்குடும்பம் தன் குறையை மறவாது சொல்லி வந்தது என்பதே நினைக்கத்தக்கது. ஒருவேளை உணவை மறுத்த பழி அவ்வளவு நாள் நினைவில் நின்றது. அந்நினைவின் நிழலில்தான் விருந்தினர்க்கென ஒரு பாதி வீடு எழுந்தது.

1879 டிசம்பர் 29ஆம் நாள் ஆருத்ரா தரிசன இரவு கடந்து, 30ஆம் நாள் பிறந்த ஒரு மணியளவில் அவ்வீட்டில் வேங்கடராமன் பிறந்தான். 1892இல் தந்தை மறைந்தார். குடும்பம் பிரிந்தது, தமையனும் வேங்கடராமனும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் இல்லத்தில் வளர்ந்தனர்.

1895 நவம்பரில் திருச்சுழியில் அறிமுகமான முதிய உறவினர் ஒருவரை மதுரையில் கண்ட வேங்கடராமன், எங்கிருந்து வருகிறீர்கள் என்று வினவினான். விருந்தோம்பும் வீட்டில் வளர்ந்த பிள்ளையின் வாயில் இயல்பாக வரும் முதற்கேள்வி அது. அருணாசலத்திலிருந்து என்று வந்த விடை அவன் வாழ்வைத் திருப்பிற்று. சில காலத்தின்பின் அவன் கைக்குப் பெரியபுராணம் வந்தது. தன் ஊரில் தங்கிக் கனவு கண்டு புறப்பட்ட அடியாரின் கதையும் அந்நூலில் உண்டு.

வாயிலில் நின்ற மகன்

1896 ஆகஸ்டு 29ஆம் நாள் அவன் மூன்று ரூபாயுடன் மதுரையை விட்டுப் புறப்பட்டான். கையிருப்புக் குறைய, நடந்து திருக்கோவலூரை அடுத்த கீழூரை அடைந்தபோது பசி மேலிட்டது. கோயிலில் கேட்டபோது உணவு மறுக்கப்பட்டது. அதனைக் கண்ட வாத்தியம் வாசிப்பவர் ஒருவர் தம் பங்குச் சோற்றை அவனுக்குக் கொடுக்கச் செய்தார். மறுநாள் முத்துக்கிருஷ்ண பாகவதர் இல்லத்தில் உணவு கிடைத்தது. காதுக் கடுக்கனை அடகாகப் பெற்றுக்கொண்டு பாகவதர் நான்கு ரூபாய் கொடுத்தார். செப்டம்பர் முதல் நாள் அவன் திருவண்ணாமலையை அடைந்தான். பின்னர் அவ்வூர்த் தெருக்களில் கையேந்தி உண்டான். விருந்தினர்க்கு வீட்டில் பாதியைக் கொடுத்தவரின் மகன் பிறர் வாயிலில் நின்றான். சாபம் பலித்தது என்பர் சிலர். தந்தை இட்ட சோறு வேறு வாயில்களின் வழியே மகனுக்குத் திரும்பி வந்தது எனக் கொள்வதும் பொருந்தும்.

1916இல் அன்னை அழகம்மாள் மகனிடம் நிலையாக வந்து சேர்ந்து அடுப்பு மூட்டினார். திருச்சுழி வீட்டில் விருந்தினர்க்குச் சமைத்த கைகள் மலையிலும் வந்தவர்க்குச் சமைத்தன. பின்னாளில் ஆசிரமத்தில் வறியவர்க்கு முதலில் உணவிடுவதில் ரமணர் கருத்தாயிருந்தார். 1950 ஏப்ரல் 14 வரை அவர் திருவண்ணாமலையை விட்டு நீங்கவில்லை. பிறந்த ஊருக்குத் திரும்பவும் இல்லை. ஆனால் ஊர் அவரிடம் சென்றிருந்தது, அந்த அடுப்பின் வடிவில்.

அவர் பிறந்த இல்லம் பிற்காலத்தில் ரமணாசிரமத்தின் பொறுப்பில் வந்து, சுந்தர மந்திரம் எனப் பெயர் பெற்றது. உலகறிந்த மகனின் பெயர் அன்று. விருந்தோம்பிய தந்தையின் பெயர். அறிந்தோ அறியாமலோ, அப்பெயரிட்டோர் வரலாற்றின் ஒரு குறையை நிறைவு செய்துவிட்டனர்.

புகழ் என்பது பெரிதும் வந்து சென்றவரையும் பிறந்து சென்றவரையும் சார்ந்தே எழுதப்படுகிறது. சுந்தரர் ஓரிரவில் சென்றார். ரமணர் இளமையிலேயே சென்றார். அவர்களுக்கு இடம் தந்து ஊரிலேயே இருந்து மடிந்தவர்கள், கல்லில் ஒரு வரியாகவோ வீட்டின் பெயராகவோ மட்டும் எஞ்சினர். திருச்சுழியைக் காணச் செல்வோர் கோயிலையும் பிறந்த அறையையும் வணங்குவது முறையே. அதன்பின் அவ்வீட்டின் மற்றொரு பாதியிலும் சிறிது நின்று பார்க்கலாம். அங்குத் தொழுவதற்கு ஒன்றும் இராது. ஆயினும் யாருக்காக அது கட்டப்பட்டதோ அவர் வந்து நிற்கிறார்.