பாரன் தீவு: செத்துப்போச்சுன்னு நினைச்ச எரிமலை

எரிமலைன்னாலே நம்ம ஜனங்களுக்கு ஜப்பான்தான் ஞாபகம் வரும். போன வாரம் எதிர் ஃப்ளாட் பையன் சகுராஜிமா புகை கக்குற வீடியோவைக் காட்டி, "நல்லவேளை அங்கிள், நம்ம நாட்டுல இதெல்லாம் இல்ல"ன்னான். சிரிப்பு வந்துடுச்சு. எண்பதுகள்ல "இந்தியாவில் செயல்படும் எரிமலை எதுவும் இல்லை"ன்னு எழுதி ரெண்டு மார்க் வாங்கினவன் நான் :-)

அன்னிக்கு அந்த விடை சரிதான். 1991-ல தப்பாயிடுச்சு.

போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தள்ளி, அந்தமான் கடல்ல இருக்கு பாரன் தீவு. குறுக்கே 3 கி.மீ.தான். உசரம் சுமார் 350 மீட்டர், அதாவது நம்ம பரங்கிமலையைப் போல மூணு மடங்குக்கு மேல. ஆனா அது வெறும் தலை மட்டும்தான். கடலுக்கடியில இன்னும் 2,000 மீட்டருக்கு மேல உடம்பு இருக்கு. எப்பவோ நடந்த பெரிய வெடிப்புல நடுப்பகுதி உள்வாங்கி, 2 கி.மீ. அகலத்துக்கு ஒரு கிண்ணம் மாதிரி ஆயிடுச்சு. மேற்குப் பக்கம் கிண்ணத்தோட விளிம்பு உடைஞ்சிருக்கு. உள்ளே இருக்குற கூம்புலேர்ந்து வழியுற குழம்பு அந்த வழியாத்தான் கடலுக்குப் போகும்.

இது ஏன் அங்கே இருக்கு? நாம உட்கார்ந்திருக்கிற இந்தியத் தட்டு, அந்தமானுக்கு மேற்கே பர்மாத் தட்டுக்குக் கீழே சொருகிக்கிட்டுப் போகுது. போகும்போது கடல்தண்ணியையும் பாறைக்குள்ள சேர்த்து இழுத்துட்டுப் போகுது. ஐஸ்ல உப்பு போட்டா சீக்கிரம் உருகுது இல்லையா, அந்த மாதிரி ஆழத்துல தண்ணி சேர்ந்தா பாறை குறைஞ்ச சூட்டுலயே உருக ஆரம்பிச்சிடும். உருகினது மேலே ஏறும். தெற்கே சுமத்ரா எரிமலைகளும் ஜாவா பக்கத்து கிரகட்டோவாவும் இதே பெரிய சங்கிலியில கோத்த மணிகள்தான்.

சரி, வரலாறு. எழுத்துல பதிவான முதல் சீற்றம் 1787. அடுத்து 1789-ல ஆர்ச்சிபால்ட் பிளேர் (போர்ட் பிளேர்ங்கிற பேருக்குச் சொந்தக்காரர்) பார்த்து எழுதினார். அப்புறம் 1795. 1803 நவம்பர்ல அந்தப் பக்கம் போன கப்பல்காரங்க, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கரும்புகை நேரா மேலே கிளம்புதுன்னு குறிச்சு வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் ஏறக்குறைய அமைதி. கரையில இருந்த வெந்நீர் ஊற்றை வந்தவங்க எல்லாம் அளந்து பார்த்தாங்க, வர வர சூடு குறைஞ்சுகிட்டே வந்துச்சு. 1884-ல புவியியல் ஆய்வுத் துறையோட மாலெட் நேர்ல போய் ஆராய்ஞ்சு, மறுவருஷம் பெரிய அறிக்கையே எழுதினார். 1891-ல சில ஆடுகளைத் தீவுல விட்டுட்டு வந்தாங்க. அடங்கிப்போன மலை, ஆடு மேய்ஞ்சா என்ன!

சரியா நூறு வருஷம். 1991-ல மலை முழிச்சுக்கிச்சு. மாசக்கணக்குல கக்கின குழம்பு கடல் வரைக்கும் ஓடுச்சு. 1994 டிசம்பர்ல மறுபடி. 2005 மே மாசம் இன்னொரு தடவை. அதுக்கப்புறம் விட்டு விட்டு வந்துகிட்டே இருக்கு. 2017 ஜனவரியில கோவா கடலாய்வு நிறுவனத்துக் கப்பல் பக்கத்துல மண் மாதிரி எடுத்துகிட்டு இருந்தப்பவே சீறுச்சு. பகல்ல சாம்பல் மேகம், ராத்திரியில செந்நிறக் குழம்பு. 2025 செப்டம்பர்லயும் சின்னதா ரெண்டு தடவை. அந்த ஆடுகளோட வம்சம் இத்தனைக்கும் தப்பிச்சிருக்குங்கிறதுதான் ஆச்சரியம்.

இதைப் படிச்சப்ப எனக்கு உறைச்ச விஷயம் ஒண்ணு. 1787-க்கு முன்னாடி பட்டியல் காலி. அதுக்காக மலை அப்போ சும்மா இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. எழுதி வைக்கிற ஆள் அந்தப் பக்கம் போகல, அவ்வளவுதான். கடலடிச் சேத்துல துளை போட்டுப் பார்த்தா, 70,000 வருஷம் முன்னாடி விழுந்த இதோட சாம்பலே அடுக்கு அடுக்கா கிடக்குது. நாம "எரிமலையின் வரலாறு"ன்னு சொல்றது பாதி, பார்த்தவங்களோட வரலாறு.

ஜப்பான்காரனும் இதுல அடிபட்டவன்தான். சகுராஜிமாவுல 1779-க்கு அப்புறம் பெரிய வெடிப்பே இல்ல. 1914 ஜனவரியில நிலம் ஆடுது, கிணத்துத் தண்ணி கொதிக்குது. வானிலை நிலையமோ பயமில்லைன்னு சொல்லிடுச்சு. பல பேர் அதை நம்பாம படகு ஏறித் தப்பிச்சாங்க, நம்பினவங்க மாட்டிக்கிட்டாங்க. வெடிச்சதுல தீவே பக்கத்து நிலத்தோட ஒட்டிக்கிச்சு. ஏட்டு வார்த்தையை மட்டும் நம்பாதேன்னு பின்னாடி அங்கே கல்லே நட்டு வெச்சாங்க.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. 2004 டிசம்பர் 26 காலையில ஆறரை மணி. மேற்கு மாம்பலத்துல ரெண்டாவது மாடி. கட்டில் லேசா ஆடுச்சு, யாரோ இடிச்சிட்டாங்கன்னு திரும்பிப் படுத்துட்டேன். ரெண்டரை மணி நேரம் கழிச்சு மெரினாவுல கடல் உள்ளே வந்துச்சு. அந்தத் தட்டு நழுவினதுதான் காரணம். அஞ்சு மாசத்துல பாரன் தீவு சீறுச்சு. நிலநடுக்கம்தான் தூண்டிவிட்டுச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா அப்படிச் சந்தேகப்படுற ஆய்வாளர்கள் உண்டு.

பாரன் தீவால சென்னைக்கு ஆபத்துன்னு நான் கிளப்பிவிடல. எங்க ஏரியாவுல லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு இருக்கு, லேக் எங்கேன்னு கேட்டா சிரிப்பாங்க. 2015 டிசம்பர்ல மாம்பலம் தெருவெல்லாம் தண்ணி நின்னப்போ சிரிப்பு வரல. ரொம்ப நாளா சத்தமில்லைங்கிறதை "செத்துப்போச்சு"ன்னு எழுதி மார்க் வாங்குறது நம்ம பழக்கம்.

எதிர் ஃப்ளாட் பையன்கிட்ட சொன்னேன், மேப்பை எடுத்துத் தேடிக்கிட்டு இருக்கான். அந்தமான் கப்பல்ல போனவங்க யாராச்சும் அந்தப் புகையைக் கண்ணால பார்த்திருந்தா, தேதியோட பின்னூட்டத்துல எழுதுங்க. பட்டியல் அப்படித்தானே வளருது!