சுறாவின் வாயைக் கட்டியவர்கள்

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மன்னார்க் கடல் பக்கம் வந்தபோது, முத்துக் குளிக்கிறவர்களோடு கூடவே போன காவலாளிகளைப் பற்றியும் எழுதிவைத்தார். எடுக்கும் முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒன்று. பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டிவைக்கும் பிராமணர்களுக்கு இருபதில் ஒன்று. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். விடியும்வரை மீன்களின் ராச்சியம். அவருடைய நூலின் ஒரு பிரதி காரணத்தையும் சொல்கிறது: இரவில் எவனும் களவாக இறங்கி முத்தெடுத்துவிடக் கூடாதாம்.

நிலாவெளியிலிருந்து ஆட்களைப் புறாமலைக்குக் கூட்டிக்கொண்டு போய், முருகைக்கல்லுக்குள் சுறா காட்டுவது என் தொழில். அதனால்தானோ என்னவோ, இந்தச் செய்தியை வாசித்ததும் எனக்கு அந்த மந்திரக்காரர்கள் மேல் மரியாதை கூடிவிட்டது. மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் காலையில் திறந்து மாலையில் பூட்டுகிற மூடநம்பிக்கை அது. சம்பளமில்லாத இராக்காவலுக்குச் சுறாவை நிறுத்தியவன் மடையனாக இருக்க முடியாது.

சுறாவுக்கும் சுழியோடிக்கும் உள்ள கணக்கு போலோவை விடப் பழையது. அகநானூற்றிலேயே கொற்கைப் பரதவர் சுறாவை விலக்கிவிட்டு வலம்புரிக்கு மூழ்குகிறார்கள். எப்படி விலக்கினார்கள் என்று புலவர் சொல்லவில்லை. பட்டினப்பாலையில் சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். பயம், வேலை, கும்பிடு மூன்றும் ஒரே மீனின் மேல்.

இந்த மந்திரக்காரருக்குக் கடல் கட்டி என்று பெயர். பிரிட்டிஷ்காரர் காலத்து அரிப்பிலும் சிலாவத்துறையிலும் அவர் இல்லாமல் முத்துச் சலாபம் நடக்காது. சலாபம் என்பது மாசி, பங்குனியை ஒட்டிய சில வாரக் கூத்து. வெறும் மணல்வெளியில் ஓலைக் குடிசைகளால் ஒரு பட்டணம் எழும்பும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் என்று எல்லாக் கரையிலிருந்தும் ஆள் வரும். நள்ளிரவில் தரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் சிப்பி கிடக்கும் பாருக்குப் போகும். விடிந்ததும் வேலை. மதியம் நிறுத்தச் சொல்லி வெடி கேட்டால், கடற்காற்றில் பாய் விரித்துத் திரும்ப வேண்டியதுதான். எடுத்த சிப்பியைக் குவித்து அழுகவிட்டுத்தான் முத்துப் பொறுக்குவார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விட்ட வெள்ளைக்காரன் இல்லை.

மூழ்கும் முறையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். தோணியிலிருந்து கயிற்றில் ஒரு கல் தொங்கும். பதினைந்து கிலோ அளவு, அடியில் அகன்று மேலே ஒடுங்கியது. கல்லுக்கு மேலே கயிற்றில் ஒரு கண்ணி. சுழியோடி அந்தக் கண்ணிக்குள் ஒரு காலை நுழைத்துக்கொண்டு, வலைக்கூடையைப் பிடித்தபடி தண்ணீரில் நிற்பான். மூச்சை இழுத்து, மூக்கைப் பொத்தி, தலையாட்டினால் மேலே நிற்பவன் கயிற்றைத் தளரவிடுவான். கல் அவனை ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்குக் கொண்டுபோய் வைக்கும். காலை உருவியதும் கல் மேலே போய்விடும், அடுத்த முறைக்கு. இவன் தரையோடு தரையாகப் படுத்து இரண்டு கையாலும் சிப்பியைக் கூடைக்குள் வாருவான். ஒரு நிமிஷம், நல்ல நெஞ்சுள்ளவனுக்கு இன்னும் கொஞ்சம். கூடைக் கயிற்றைச் சுண்டினால் மேலே இழுப்பார்கள்.

கண்ணாடி கிடையாது. இதைத்தான் என்னிடம் பழக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வேன். முகக் கண்ணாடி இல்லாமல் கடலுக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கல். பக்கத்தில் வருவது சுறாவா, பாரையா, கூட்டாளியின் காலா என்று தெரியாது. நான் பத்து மீற்றர் தள்ளியே சுறாவைக் கண்டுவிடுகிறேன்; கண்டதும் பாதிப் பயம் போய்விடும். அவர்களுக்கு அந்த வசதி இல்லை. காணாததற்குத்தான் மந்திரம் வேண்டும்.

பிரிட்டிஷ் படை அதிகாரி ரொபர்ட் பெர்சிவல் 1803இல் இலங்கையைப் பற்றி எழுதிய நூலில் இந்த மந்திரக்காரர்களை எள்ளி நகையாடுகிறார். தோணிகள் திரும்பும்வரை கரையில் நின்று முணுமுணுப்பார்களாம், உடம்பை முறுக்குவார்களாம், பச்சைத் தண்ணீரும் பல்லில் படக் கூடாதாம். ஆனால் சிலர் நிற்க முடியாத அளவுக்குக் கள்ளைக் குடித்துவிடுவார்களாம். நகைத்தவர்தான், இவர்கள் இல்லாமல் ஒருவரும் கடலில் இறங்கமாட்டார்கள் என்றும் எழுதுகிறார். அதனால் கிறிஸ்தவ அரசாங்கமே இந்தக் கூலியைக் கொடுத்து வந்தது.

இலங்கையில் பிரிட்டிஷ் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் எழுதியது இன்னும் சுவையானது. அவர் போன நேரம் கடல் கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். பரம்பரைத் தொழில், வேதம் மாறியதால் மந்திரம் கெட்டுப்போகவில்லை. அன்றைக்கு அவருக்குச் சுகமில்லை என்று பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். அந்தப் பதிலாள் டென்னன்டிடம் ஒளிக்காமல் சொன்னாராம்: எனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் நான் அவருடைய ஆள் என்பது சுறாக்களுக்குத் தெரியும், மதித்து நடக்கும். இதைப் படித்துச் சிரிக்காதவர்கள் கந்தோரில் வேலை செய்து பார்க்காதவர்கள்.

மந்திரம் பலித்ததா? சுறாக் கடி அபூர்வம் என்று எழுதியவர்கள் பலர். நூற்றுக்கணக்கான தோணி, கூச்சல், கல் விழும் சத்தம் எல்லாம் சேர்ந்து சுறாவை விரட்டியிருக்கும் என்பது டென்னன்டின் எண்ணம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. புறாமலையின் ஆழமில்லாத பக்கத்தில் சுற்றும் செட்டை நுனி கறுத்த சுறாக்கள் ஆளின் நீளம்கூட இல்லை. ஒரு பயணி தண்ணீரை அடித்துக்கொண்டு பின்னால் நீந்தினால் போதும், வாலை ஒருமுறை வெட்டி மறைந்துவிடும். சுறா காண வேண்டும் என்றால் சும்மா கிடக்க வேண்டும், வந்தவர்களுக்கு அதுதான் கஷ்டம். முத்துப் பார்களில் இதைவிடப் பெரிய சாதிகளும் திரிந்திருக்கும், ஆனால் அந்த அமளிக்குள் அவை ஏன் வரப் போகின்றன? கடல் கட்டியின் உண்மையான வேலை தோணியில் இருந்தவர்களிடம்தான். இன்றைக்கு இறங்கலாம், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள். அந்தச் சொல்லை அதிகாரியும் மீற முடியாது. கூலிக்கு மூழ்குகிறவனுக்கு அதை விடப் பெரிய பாதுகாப்பு அந்தக் காலத்தில் வேறு இல்லை.

பிறகு மந்திரத்தின் இடத்துக்கு விஞ்ஞானம் வந்தது. பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் இங்கிலாந்திலிருந்து வந்து பார்களை ஆராய்ந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் கூட இருந்தார். நாடாப்புழுக் குஞ்சு சிப்பிக்குள் போய்ச் செத்தால் அதைச் சுற்றி முத்து விளைகிறது என்றும், அந்தப் புழு முழு வளர்ச்சி அடைவது சிப்பி தின்னும் திருக்கையின் வயிற்றில் என்றும் அவர்கள் முடிவு கட்டினார்கள். திருக்கை சுறாவின் ஒன்றுவிட்ட உறவு. ஆக சிப்பியை அழிப்பவனே முத்துக்கும் காரணம், அவனை ஒழித்துவிடாதீர்கள் என்றாகிவிட்டது! இந்தக் கொள்கையைப் பின்னால் வந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். எனக்கென்னவோ அது பொய்த்ததில் கொஞ்சம் வருத்தம்தான்.

1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசாங்கத்துக்கு ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய். வாய் ஊறிய லண்டன் கம்பனி ஒன்று அடுத்த வருஷமே பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பனி கவிழ்ந்தது. 1925க்குப் பிறகு எங்கள் பக்கம் சொல்லும்படியான சலாபம் நடக்கவில்லை. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி. முத்தோடு கடல் கட்டியும் போனார்.

சலாபம் ஓய்ந்த அந்தக் காலத்தில்தான் காற்றுச் சிலிண்டர் வந்து சேர்ந்தது. (ஒக்சிசன் சிலிண்டர் என்று பத்திரிகைகள் எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், உள்ளே இருப்பது நாம் மூச்சு விடுகிற இதே காற்று.) 1956இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய சுழியோடிக் கூட்டாளி மைக் வில்சனும் இலங்கைக்கு வந்து இறங்கினார்கள். திருகோணமலை சாமிமலையின் கீழே இடிந்த கோயிலின் தூண்களை நீருக்கடியில் கண்டு படம் பிடித்தார்கள். எங்கள் ஊரில் சுழியோடுவது பொழுதுபோக்காகத் தொடங்கியது அவர்கள் தலைமுறையில்தான்.

இப்போது வடகடலில் சிலிண்டர் போட்டு இறங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தேடுவது கடலட்டை. அட்டையில் பல சாதிகள் இரவில்தான் வெளியே வரும். ஆகவே வெளிச்சத்தோடு இரவில் இறங்குகிறார்கள், அதற்கு எதிராகக் கரையிலிருக்கிற மீனவர் போராடியும் இருக்கிறார்கள். அப்படி இறங்கி, அவசரமாக மேலே வந்து, மூட்டு நோவோடு திரிந்த ஒரு பொடியனைக் கரையில் சந்தித்தேன். சுறாப் பயம் இல்லையா தம்பி என்று கேட்டேன்.

"சுறாவோ அண்ணை? அது லைட்டைக் கண்டா ஓடிடும். எங்களுக்கு ரோந்துப் படகின்ர லைட்டுக்குத்தான் பயம்."